பெரிய மேளமும் ஜாஸும்: யாழ்ப்பாணத்தில் நின்று கேட்கும் காதுகள் எங்கே?

குருநகர்க் குழல் எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். நான் குருநகரில் வளர்ந்தவன். பதின்மூன்று வயதில், தேவாலயத் திருநாள் பவனியில் வாசிக்கும் பாண்ட் குழுவில் ஒரு பழைய ஆல்டோ சாக்ஸபோன் என் கைக்கு வந்தது. அதன் பாரத்தைச் சுமக்க வேறு எவரும் முன்வரவில்லை. இன்று நாங்கள் நால்வர், சாக்ஸபோன், கீபோர்ட், பேஸ் கிற்றார், ட்ரம்ஸ் என்று, நண்பர் ஒருவரின் வீட்டு மாடியில் கிழமைக்கு இரண்டு மாலை ஜாஸ் வாசித்துப் பழகுகிறோம்.

கடந்த ஆண்டு ஒரு விடுதியில் வெள்ளிக்கிழமைகளில் வாசிக்க அழைத்தார்கள். மூன்றாவது வெள்ளியன்று முகாமையாளர் அருகே வந்து, "தம்பி, சனம் சாப்பிடேக்க தெரிஞ்ச பாட்டா வாசியுங்கோ" என்றார். நான்காவது வெள்ளியன்று நாங்கள் நிற்கும் இடத்தில் ஒரு மடிக்கணினியும் இரண்டு பெரிய ஒலிபெருக்கிகளும் இருந்தன. அவர்மீது எனக்குக் கோபம் இல்லை; அவருக்குக் கடை நடக்க வேண்டும்.

டேவ் புரூபெக் 1958இலும் டியூக் எலிங்டன் 1963இலும் இலங்கைக்கு வந்து கொழும்பில் வாசித்தார்கள். யாழ்ப்பாணத்துக்கு அப்படியொரு ஜாஸ் மரபு இருந்ததில்லை என்பதை அறிவேன். ஆகவே என் கேள்வியை வேறுவிதமாகக் கேட்கிறேன். அடுத்த வரி என்னவென்று வாசிப்பவருக்கே முழுதாகத் தெரியாத நிலையில் ஒருவர் வாசிக்க, எதிரே நிற்பவர்கள் அந்த ஆபத்தைப் புரிந்துகொண்டு மூச்சைப் பிடித்துக் கேட்கிற ஓர் இடம் இந்த ஊரில் எங்காவது இருந்ததா, இருக்கிறதா?

இணுவில் கிழக்கு எழுதியது:

தம்பி, நீங்கள் கேட்கும் இடத்துக்கு எங்கள் ஊர்ப் பெயர் மேளச் சமா.

இளையவர்களுக்காகச் சற்று விரிவாகவே எழுதுகிறேன். நாதஸ்வரமும் தவிலும் சேர்ந்தது பெரிய மேளம். சதிர் ஆடும் கூட்டம் சின்ன மேளம். கோயில் மகோற்சவத்தில் ஒவ்வொரு நாள் திருவிழாவும் அதன் செலவை ஏற்கும் ஓர் உபயகாரருக்கு உரியது என்பதால், நேற்றைய உபயகாரர் இரண்டு கூட்டம் மேளம் பிடித்திருந்தால் இன்றைய உபயகாரர் நான்கு கூட்டம் பிடிப்பார். நாளையவர் இந்தியாவில் இருந்து ஒரு கூட்டத்தை அழைப்பிக்க முடியுமா என்று யோசிக்கத் தொடங்குவார். பக்தியோடு வீம்பும் கலந்த இந்தப் போட்டிதான் எங்கள் சங்கீதத்துக்கு அரைநூற்றாண்டுக் காலம் சோறு போட்டது என்று சொன்னால் சிலர் கோபிப்பார்கள். இருந்தாலும் அது உண்மை.

சுவாமி வெளிவீதி வரும்போது மல்லாரியில் தொடங்குவார்கள். கம்பீரநாட்டையில், சாகித்தியம் எதுவும் இல்லாமல், தாளக்கட்டின் வலிமையில் மட்டுமே நடக்கிற உருப்படி அது. ஒவ்வொரு மூலையிலும் சுவாமி நிற்கும். ஒவ்வொரு மூலையிலும் ஒரு ராகம் விரியும். வீதி சுற்றி முடிந்து சுவாமி இருப்புக்கு வந்த பிறகுதான் உண்மையான சமா. மணலில் பாய் விரித்து, கூட்டங்கள் எதிரெதிரே உட்கார்ந்து, ஒரு நாதஸ்வரக்காரர் விட்ட இடத்தில் இருந்து மற்றவர் ராகத்தை எடுத்துப்போவார். நள்ளிரவு தாண்டி தனித்தவில் தொடங்கும்.

நான் சிறுவனாக இருந்தபோது தெட்சணாமூர்த்தி அவர்களின் தவிலைக் கேட்டிருக்கிறேன். இணுவில் விசுவலிங்கம் என்ற தவில் வித்துவானின் மகனாக 1933இல் பிறந்து, அளவெட்டியில் வாழ்ந்து, தமிழ்நாட்டின் பெரிய நாதஸ்வர வித்துவான்களுக்கெல்லாம் வாசித்து, 1975இல் நாற்பத்திரண்டு வயது நிறையும் முன்னரே மறைந்தார். அம்ஷன் குமார் அவரைப் பற்றி எடுத்த ஆவணப்படம் இந்திய தேசிய விருது பெற்றதால் இன்றைய பிள்ளைகளுக்கும் பெயர் தெரிகிறது. எனக்கு நினைவில் நிற்பது அவருடைய வேகத்தைக் காட்டிலும் அவர் கை நின்ற இடங்கள். மற்றவர்கள் சொற்களால் நிரப்பும் இடத்தை அவர் வெறுமையாக விடுவார்; தாளம் போடுகிறவர்களின் கை தடுமாறும்; தாளச் சுற்று தொடங்கும் சமத்துக்கு அரை இடம் முன்னதாக ஒரே ஒரு அடி விழும்; கச்சான் விற்பவர்கூடத் தராசைக் கீழே வைத்துவிட்டு நிமிர்ந்து பார்ப்பார்.

கேட்பவர்களைப் பற்றிக் கேட்டீர்கள். கணக்குத் தப்பினால் யாரும் வாய் திறந்து குறை சொல்வதில்லை. மெல்ல எழுந்து, அடுத்த கூட்டத்துக்கு முன்னால் போய் உட்கார்ந்துவிடுவார்கள். பத்திரிகை விமர்சனம் எதற்கும் அவ்வளவு கூர்மை இருந்ததில்லை.

ஒன்றைச் சேர்க்க வேண்டும். இதை நல்லூரில் தேடாதீர்கள். அங்கே 25 நாள் திருவிழாவும் மணிக்கூட்டைப் பார்த்து நடப்பது. மேளம் மிக உயர்ந்த தரத்தில் இருக்கும், ஆனால் நேரத்துக்கு அளந்து தைத்த சட்டை போல இருக்கும். சமா வளர்ந்தது இணுவில், அளவெட்டி, சுன்னாகம், மாவிட்டபுரம் பக்கத்துக் கோயில்களில்.

ஸ்கார்பரோவில் இருந்து எழுதியது:

ஐயா எழுதியதை நான் கசெற்றுகளின் வழியாக மட்டுமே அறிவேன். என் தகப்பனார் 1980களில் ஊரை விட்டு வந்தபோது கொண்டுவந்த பெட்டியில் உடுப்பைவிடக் கசெற் அதிகம். அவை பெரும்பாலும் 90 நிமிடக் கசெற்றுகள். ஒரு பக்கத்துக்கு 45 நிமிடம். தனித்தவில் சூடு பிடித்து, மோரா என்ற முடிப்பை, தீர்மானத்தை, வைக்கப் போகும் தறுவாயில் பக்கம் முடிந்துவிடும். பதிவு செய்தவர் அவசரமாகத் திருப்பிப் போட்டிருப்பார். மறுபக்கத்தில் முதலில் கேட்பது கைதட்டல். எங்கள் தலைமுறை தீர்மானங்களைக் கேட்காமலே, தீர்மானங்களுக்கான கைதட்டலை மட்டும் கேட்டு வளர்ந்தது.

இங்கேயும் கோயில்கள் உண்டு, ஊரில் இருந்து வித்துவான்களை அழைக்கிறார்கள். சுவாமி வாகனத் தரிப்பிடத்தைச் சுற்றி வருகிறது. நான்கு மூலையும் உண்டு. மூலையில் நிற்கத்தான் நேரம் இல்லை.

கணக்கு வாத்தியார் எழுதியது:

உருக்கமாக எழுதுகிறீர்கள், மகிழ்ச்சி. ஆனால் "எங்களிடமும் ஜாஸ் இருந்தது" என்று முடிவு கட்டிவிட வேண்டாம். ஒன்றைப் போல மற்றொன்று இருப்பதாகச் சொல்லும்போது எது போல, எது போலில்லை என்பதைக் கூற வேண்டும்.

முதலில் போலில்லாதவை. ஜாஸ் வாசிப்பவரின் காலுக்குக் கீழே சுரக்கூட்டுகள் (கோர்ட்ஸ்) நகர்ந்துகொண்டே இருக்கும். 12 அளவு (பார்) ப்ளூஸ் என்றாலும் 32 அளவுப் பாட்டு என்றாலும், அந்த நகர்வைத் தொடர்ந்துகொண்டே அவர் புதிதாகச் சொல்ல வேண்டும். நமக்கு அடிச்சுரமான ஆதார சட்ஜமம் அசைவதில்லை. ராகம் என்ற ஒரே வீட்டுக்குள் எத்தனை அறை திறக்கிறீர்கள் என்பதே கேள்வி. ஆகவே ஜாஸ்காரர் காதால் வழி தேடுகிறார், நாதஸ்வரக்காரர் காதால் ஆழம் தேடுகிறார். இரண்டையும் கற்பனை இசை என்று ஒரே சொல்லால் அழைப்பது வசதியான சோம்பல்.

இனிப் போலிருப்பவை. ஜாஸில் ட்ரம்ஸ்காரரும் மற்றவரும் நான்கு நான்கு அளவாக மாறிமாறி வாசிப்பார்கள். இரண்டு தவில்கள் குறைப்பு வைக்கும்போது நடப்பதும் அதுதான். ஆனால் நாம் அதே அளவில் நிற்பதில்லை. ஓர் ஆவர்த்தனத்தில், அதாவது ஒரு முழுத் தாளச் சுற்றில், தொடங்கி, பாதியாகி, அதில் பாதியாகி, கடைசியில் தாளத்தின் ஒவ்வோர் அட்சரத்துக்கும் பதில் வரும்வரை நெருக்கிக்கொண்டு போய், பிறகு இருவரும் சேர்ந்து மோரா, கோர்வை என்ற முடிப்புகளை வைப்போம். அதேபோல, ஜாஸின் 'ஸ்விங்' என்ற அசைவைத் தாளில் எழுதினால் ஏறத்தாழ நம் திஸ்ர நடை. மூன்று பங்கில் முதல் இரண்டை ஒன்றாகச் சேர்த்து, மூன்றாவதைத் தனியே விடுகிறார்கள். ஏறத்தாழ என்றே சொல்கிறேன், ஏனெனில் நல்ல ட்ரம்ஸ்காரர் எவரும் அதைச் சரியாக மூன்றில் வைப்பதில்லை. அதை எழுதிக் கற்பிக்க முயன்ற பாடசாலைக் குழுக்கள் என்ன ஆயின என்பதைக் காதுள்ள எவரும் அறிவர்.

குழல்காரத் தம்பிக்கு இரண்டு பெயர்கள். கதிரி கோபால்நாத் (1949–2019) சாக்ஸபோனின் சாவிகளையும் மூடிகளையும் மாற்றியமைத்து, சுரத்தை அசைத்து வளைக்கும் கமகம் பிடிக்கும்படி ஆக்கி, கர்நாடக சங்கீதக் கச்சேரி செய்தார். 2008இல் ருத்ரேஷ் மகந்தப்பா என்ற அமெரிக்க ஜாஸ் கலைஞரோடு சேர்ந்து ஓர் இசைத்தட்டும் வெளியிட்டார். எதிர்த்திசையில், சார்லி மரியானோ (1923–2009) என்ற ஜாஸ் சாக்ஸபோன் கலைஞர் நாதஸ்வரத்தையே கற்று, 1970களில் ஒலிப்பதிவுகளில் வாசித்தார். உங்கள் வாத்தியக்காரர் ஒருவர் எங்கள் வாத்தியத்தைத் தேடி வந்திருக்கிறார். நீங்கள் குருநகரில் இருந்து இணுவிலுக்கு வர எத்தனை மைல்?

வண்ணை வாசகி எழுதியது:

"நின்று கேட்கும் காதுகள்" என்று தலைப்பு வைத்திருக்கிறீர்கள். யாருக்கு அங்கே நிற்க இடம் இருந்தது என்பதையும் ஒருவர் எழுத வேண்டும் அல்லவா?

என் பேத்தியார் தவிலை மிக விரும்பியவர். இணுவில் ஐயா விவரிக்கும் அந்த நள்ளிரவுச் சமாவை அவர் ஒருநாளும் நேரில் பார்த்ததில்லை. சுவாமி இருப்புக்கு வந்ததும் பெண்கள் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்குப் போய்விட வேண்டும். பிறகு படுக்கையில் கிடந்தபடி, காற்றடிக்கும் திசைக்கு ஏற்ப வந்தும் மறைந்தும் போகும் தவிலைக் கேட்பார். எந்தத் தவில் யாருடையது என்று அந்தத் தூரத்தில் இருந்தே சொல்வார். அவரையும் அந்தக் காதுகளின் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

மாவிட்டபுரத்தையும் பட்டியலில் சேர்த்தீர்கள், ஐயா. 1968இல் அதே கோயில் வாசலில் ஒடுக்கப்பட்ட சாதி மக்கள் உள்ளே விடும்படி கேட்டுப் போராட வேண்டியிருந்தது. வித்துவான்களின் நிலையும் அவ்வளவு எளிதாக இருக்கவில்லை. திருவிழாவில் பொன்னாடை போர்த்திய கைகளே, அதே மனிதரைத் தம் வீட்டுத் திண்ணைக்கு அப்பால் அழைக்கத் தயங்கிய காலம் இருந்தது.

ஜாஸோடு ஒப்பிடுவதென்றால் இதையும் ஒப்பிட வேண்டும். கறுப்பினத்தவரும் வெள்ளையரும் சேர்ந்து வாசிப்பதற்கு லூசியானாவில் தடை வந்தபோது, லூயிஸ் ஆம்ஸ்ட்ராங் தாம் பிறந்த நியூ ஓர்லியன்ஸில் 1956 முதல் 1965 வரை வாசிக்க மறுத்தார். அந்த நகரத்தில் சவ ஊர்வலத்துக்கு வாசித்த அதே பாண்ட் குழுக்களின் வாத்தியங்களில் இருந்துதான் ஜாஸ் எழுந்தது. போகும்போது சோகம், திரும்பும்போது கொண்டாட்டம். எங்களிடம் அந்த இரண்டும் இரண்டு சாதிகளின் கையில் பிரிந்து கிடந்தன. நாதஸ்வரம் மங்கல வாத்தியம் ஆயிற்று. பறைமேளம் சாவீட்டோடு நிறுத்தப்பட்டது. பறையும் தவிலும் ஒரு வீதியில் ஒன்றையொன்று கேட்டிருந்தால் என்ன பிறந்திருக்கும் என்று நான் அடிக்கடி நினைப்பதுண்டு.

இணுவில் கிழக்கு எழுதியது:

தங்கச்சி சொல்வதை மறுக்க என்னிடம் எதுவும் இல்லை. நான் எழுதியபோது அந்தப் பாயில் உட்கார்ந்திருந்தவர்களின் முகங்களை நினைத்தேன். வேலிக்கு வெளியே நின்றவர்களை நினைக்கவில்லை.

அளவெட்டிப் பேரன் எழுதியது:

இந்த இழையில் கேட்டவர்கள் எழுதுகிறார்கள். வாசிப்பவர் எவரும் எழுதவில்லை. ஆகவே நான் எழுதுகிறேன். தாத்தா நாதஸ்வரம், நான் தவில். பகலில் கூட்டுறவுச் சங்கம் ஒன்றில் எழுதுவினைஞர்.

அளவெட்டி என்.கே. பத்மநாதன், சாவகச்சேரி பஞ்சாபிகேசன், கானமூர்த்தி–பஞ்சமூர்த்தி சகோதரர்கள், தவிலில் இணுவில் சின்னராசா என்று பெயர்களை அடுக்கிப் பெருமூச்சு விடுவது எங்கள் ஊர் வழக்கம். அந்தப் பெயர்களை நானும் வணங்குகிறேன். ஆனால் பெயர்கள் போனதால்தான் சமா போயிற்று என்பதை ஏற்க மாட்டேன். போனது இரவு.

எங்கள் ஊரில் அது நடந்த விதத்தைச் சொல்கிறேன். 1990க்குப் பின் மின்சாரம் இல்லை, மண்ணெண்ணெய்க்குத் தட்டுப்பாடு, வானத்தில் விமானம். இரவுத் திருவிழாக்கள் பகலுக்கு வந்தன, சுருங்கின. நாதஸ்வரத்தின் உயிர், வாயில் வைத்து ஊதும் சீவாளி. அது காவிரிக் கரையில் விளையும் கொறுக்கைத் தட்டையில் செய்வது. தமிழ்நாட்டில் இருந்து வர வேண்டும். வராத ஆண்டுகளில் தாத்தா ஒரே சீவாளியைச் சுரண்டிச் சுரண்டி, காய்ச்சல்காரனுக்குக் கஞ்சி கொடுப்பதுபோல ஈரம் காட்டி வைத்திருந்தார். 1995 ஒக்டோபர் 30ஆம் திகதி எல்லோரும் ஊரை விட்டு நாவற்குழிப் பாலத்தைக் கடந்தபோது, என் தகப்பனார் தவிலைச் சைக்கிள் கரியரில் கட்டி அதன்மேல் அரிசி மூட்டையை வைத்திருந்தார். பாரத்தில் வலக்கை விழும் வலந்தலைத் தோல் கிழிந்துவிட்டது. தென்மராட்சியில் இருந்த மாதங்கள் முழுவதும் அவர் பலகையில் அடித்துத்தான் சாதகம் செய்தார். அவருடைய இடது கைக் கழியின் சத்தம் இன்றும் சற்று மரச்சத்தமாகவே கேட்கும்.

போர் முடிந்தது. மின்சாரம் வந்தது, 2014இல் ரயில் வந்தது, சீவாளியும் இப்போது தட்டின்றி வருகிறது. இரவு மட்டும் திரும்பி வரவில்லை. உபயகாரருக்கு மறுநாள் அலுவலகம். பாதி உபயகாரர்கள் இலண்டனிலும் ரொறன்ரோவிலும் இருந்து பணம் அனுப்பிவிட்டுக் கைத்தொலைபேசியில் பார்க்கிறார்கள். பத்து மணிக்கு முடித்துத் தாருங்கள் என்கிறார்கள். ஒரு தோடி ராகத்தை விரிக்க நாற்பது நிமிடம் வேண்டும். இருபது நிமிடம் தந்தால், பத்து நிமிடத்துக்கு ராகத்தின் முகத்தைக் காட்டிவிட்டு, மிச்சத்துக்குச் சனம் கேட்கும் சினிமாப் பாட்டை வாசிப்போம். அதற்குப் பணமும் குத்துவார்கள். அதை வாசிப்பதில் எனக்கு வெட்கம் இல்லை. ஆனால் விரலில் கூடு ஏற்றி, அந்தப் பசை இறுகும்வரை காத்திருந்து, வருடக்கணக்காகத் தோல் உரியப் பழகிய கைக்கு அது போதாது.

மேளகர்த்தா எழுதியது:

நாற்பது நிமிடம் தந்தாலும், தோடியை நாற்பது நிமிடம் வாசிக்கத் தெரிந்தவர் இன்று எத்தனை பேர்?

அளவெட்டிப் பேரன் எழுதியது:

குறைவு. நாற்பது நிமிடம் கொடுக்காத இடத்தில் நாற்பது நிமிடத்துக்கு யார் பழகுவார்? இருந்தும் பழகுகிறவர்கள் சிலர் இருக்கிறார்கள், வீட்டில், கதவைச் சாத்திக்கொண்டு. குழல்காரத் தம்பியின் மொட்டை மாடியைப் போல.

குருநகர்க் குழல் எழுதியது:

பதினொரு நாள் கழித்து எழுதுகிறேன். கணக்கு வாத்தியார் மைல் கேட்டது உறுத்தியதால், சென்ற சனிக்கிழமை மருதனார்மடத்துக்கு அப்பால் உள்ள ஒரு சிறு கோயிலின் பூங்காவனத் திருவிழாவுக்குத் தனியே போனேன். நான் கிறிஸ்தவன், எங்கே நிற்பது, எப்போது சட்டையைக் கழற்றுவது என்று தெரியாமல் வெளிவீதியில் கச்சான் கடை ஓரமாக நின்றேன். ஒரு முதியவர் என்னை அழைத்துத் தம் பாயில் இடம் கொடுத்தார்.

இரண்டு தவில்கள் குறைப்புக்கு வந்தன. வாத்தியார் எழுதியிருந்ததால் எங்கே எண்ண வேண்டும் என்று தெரிந்திருந்தது. அப்படியிருந்தும் நான்காவது சுற்றில் தொலைந்துபோனேன். பக்கத்தில் இருந்த முதியவர் எதுவும் பேசாமல் தம் விரல்களை என் முழங்காலில் வைத்துத் தாளம் போட்டார். அப்போது இளைய தவில்காரர் எதிர்பாராத விதமாகக் கண்ட நடைக்கு மாறினார், ஐந்து ஐந்தாக. மூத்தவர் ஒரு கணம் வாசிக்காமல் அவரைப் பார்த்தார். பிறகு சிரித்தார். அந்தச் சிரிப்பை நான் அறிவேன். எங்கள் மாடியில் ட்ரம்ஸ்காரன் பாட்டின் நடுவே எதையாவது உடைக்கும்போது பேஸ் வாசிப்பவனின் முகத்தில் வருவது அதுதான்.

கடைசியில் எண்ணிப் பார்த்தேன். முழுக் கவனத்தோடு கேட்டவர்கள் இருபத்தேழு பேர். நால்வர் பெண்கள், அதில் ஒருவர் தாளம் தப்பாமல் போட்டுக்கொண்டிருந்தார். விடுதியில் எங்களுக்குக் கிடைத்த காதுகளைவிட இருபத்தேழு அதிகம். பத்து இருபதுக்கு உபயகாரர் கைக்கடிகாரத்தைத் தட்டிக் காட்டினார். இன்னும் விரியக்கூடிய ஒன்றை அவசரமாக மோரா வைத்து மூடினார்கள்.

ஒரு கேள்வி. நான் ஒரு நாதஸ்வரத்தோடு ஒன்றாக வாசித்துப் பார்க்க விரும்பினால், சுருதி ஒத்துப்போகுமா?

கணக்கு வாத்தியார் எழுதியது:

பழைய திமிரி நாயனம் (நாதஸ்வரம்) நான்கு, ஐந்து கட்டைச் சுருதியில் உச்சமாக நிற்கும். அதோடு உங்களுக்குக் கடினம். டி.என். ராஜரத்தினம் பிள்ளை (1898–1956) காலத்தில் நிலைபெற்ற நீளமான பாரி நாயனம் இரண்டு, இரண்டரைக் கட்டைக்கு இறங்கியது. ஒரு கட்டை என்பது மேற்கத்திய 'சி' என்றால், இரண்டரைக் கட்டை 'ஈ ஃப்ளாட்'. உங்கள் ஆல்டோ சாக்ஸபோனின் இயல்பான சுருதியும் அதுவே. நீங்கள் 'சி' என்று விரல் வைக்கும் இடத்தில் பாரி நாயனத்தின் சட்ஜமம் கேட்கும். பெல்ஜியத்தில் பிறந்த அடோல்ஃப் சாக்ஸ் இதைத் திட்டமிட்டிருக்க மாட்டார்.

ராகத்துக்கு மோகனத்தில் தொடங்காதீர்கள், எல்லோரும் அதில்தான் தொடங்குகிறார்கள். உங்கள் ப்ளூஸ் வரிசையில் இருந்து பிரதி மத்திமத்தின் இடத்தில் வரும் அந்த ஒரு சுரத்தை எடுத்துவிட்டால் மிஞ்சுவது சுத்த தன்யாசியின் சுரங்கள். எடுத்த அந்தச் சுரத்தை மறக்க முடியாமல் நீங்கள் தவிக்கும் இடத்தில் ஏதாவது நடக்கலாம். கமகத்துக்கு உதட்டை நம்புங்கள், சாவியை நம்பாதீர்கள்.

அளவெட்டிப் பேரன் எழுதியது:

எங்கள் வீட்டில் உள்ள நாயனம் இரண்டரைக் கட்டைதான். தாத்தாவுக்கு இப்போது மூச்சு நீளாது. என் மைத்துனர் வாசிப்பார். ஆவணியில் திருவிழாக்கள் முடிந்து விரல்கள் ஆற வேண்டும். புரட்டாதி மாதம் ஒரு வியாழன் மாலை நான்கு மணிக்கு வாருங்கள். முதல் முறை நீங்கள் மட்டும் வாருங்கள், ட்ரம்ஸ் வேண்டாம். தவிலுக்குப் பக்கத்தில் அதை எங்கே வைப்பது என்று பிறகு யோசிப்போம். ஒலிவாங்கியும் தேவையில்லை. அயல் வீட்டில் உயர்தரப் பரீட்சைக்குப் படிக்கும் பிள்ளை இருப்பதால் ஏழு மணிக்கு நிறுத்தியாக வேண்டும்; ஆனால் அந்த மூன்று மணிக்குள் எவரும் கடிகாரத்தைத் தட்டிக் காட்ட மாட்டார்கள். வண்ணை அக்காவும் வர விரும்பினால் வரலாம். முன்வரிசையில் கதிரை போடுவேன்.

வண்ணை வாசகி எழுதியது:

வருவேன். கதிரை வேண்டாம், பாய் போதும்.

ஸ்கார்பரோவில் இருந்து எழுதியது:

யாராவது பதிவு செய்யுங்கள். தயவுசெய்து, பக்கம் திருப்பத் தேவையில்லாத கருவியில்.